உங்க கம்ப்யூட்டர் ஏன் இப்படி சூடாகுது? வேகத்துக்காக வாழ்நாள் முழுக்க வெப்பத்தோடு மல்லுக்கட்டிய சீமோர் க்ரேயின் கதை

ஓவர்கிளாக்கிங். கேமிங் பிசி வைத்திருப்பவர்கள் மத்தியில் அடிக்கடி அடிபடும் வார்த்தை இது. கம்பெனி நிர்ணயித்த வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் ப்ராசஸரை ஓடவிடுவதுதான் ஓவர்கிளாக்கிங். புது ப்ராசஸர் வாங்காமலேயே கொஞ்சம் கூடுதல் வேகம் கிடைக்கும் என்பது ஒரு பக்கம். சூடு எகிறி, சிஸ்டம் பாதியிலேயே அணைந்துபோகும் என்பது இன்னொரு பக்கம்.

வேகத்துக்கும் சூட்டுக்கும் நடக்கும் இந்தச் சண்டை கேமிங் பிசியோடு தொடங்கியது இல்லை. 60 வருஷத்துக்கு முன்பே, ஒரு அறை முழுக்க அடைத்துக்கொண்டு நின்ற கம்ப்யூட்டர்களில் இதே சண்டை நடந்தது. அதில் பலமுறை ஜெயித்து, சிலமுறை மோசமாகத் தோற்று, கடைசியில் கம்பெனியையே இழந்தவர் சீமோர் க்ரே. சூப்பர் கம்ப்யூட்டரின் தந்தை என்று உலகம் அழைக்கும் அமெரிக்க இன்ஜினியர்.

ப்ராசஸரைச் சூடேற்றாமல் வேகப்படுத்துவது எப்படி என்று புரிந்துகொள்ள, இவர் வாழ்க்கையைப் பார்த்தாலே போதும்.

முதலில், கிளாக்னா என்ன? சூடு எங்கிருந்து வருது?

ப்ராசஸருக்குள் ஒரு துடிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் வேலை ஒரு படி நகரும். அந்தத் துடிப்புதான் கிளாக். ஒரு நொடிக்கு 10 லட்சம் துடிப்பு என்றால் 1 மெகாஹெர்ட்ஸ். 100 கோடி துடிப்பு என்றால் 1 ஜிகாஹெர்ட்ஸ்.

ஒவ்வொரு துடிப்பிலும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஆன் ஆகி ஆஃப் ஆகும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மின்சாரம் செலவாகும். அந்த மின்சாரம் எங்கும் போய்விடாது. கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வரும்.

இங்கே ஒரு கணக்கைத் தெரிஞ்சு வைச்சுக்கணும். மின்செலவு வேகத்துக்கு நேர் விகிதத்தில் கூடும். ஆனால் வோல்டேஜுக்கு அதன் வர்க்கமாகக் கூடும். வேகத்தை 10 சதவீதம் ஏற்றினால் செலவும் 10 சதவீதம்தான் ஏறும். அந்த வேகத்தில் தடுமாறாமல் ஓடுவதற்காக வோல்டேஜையும் 10 சதவீதம் ஏற்றினால்? 1.1-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள். சுமார் 1.33 வரும். அதாவது 10 சதவீத வேகத்துக்கு 33 சதவீதம் கூடுதல் சூடு!

சீமோர் க்ரே வாழ்நாள் முழுக்கப் போராடியது இந்த வகைக் கணக்கோடுதான்.

யார் இந்த சீமோர் க்ரே?

1925 செப்டம்பர் 28. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்தில், சிப்பேவா ஃபால்ஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா சிவில் இன்ஜினியர். பையனுக்கு எதையாவது கழற்றிப் பூட்டுவதில் ஆர்வம் என்று தெரிந்ததும், அதற்கு வீட்டிலேயே இடம் கொடுத்தார். பத்து வயது வாக்கில், பொம்மைக் கட்டுமான செட்டில் இருந்த பாகங்களை வைத்து, துளை போட்ட காகித நாடாவை மோர்ஸ் கோடாக மாற்றும் கருவி ஒன்றைச் செய்துவிட்டார் க்ரே.

1943-ல் பள்ளிப் படிப்பு முடிந்தது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ராணுவத்தில் ரேடியோ ஆபரேட்டராகச் சேர்க்கப்பட்டார். முதலில் ஐரோப்பா. பிறகு பிலிப்பைன்ஸில், ஜப்பானியர்களின் ரகசியக் குறியீடுகளை உடைக்கும் பணி. ஊர் திரும்பியதும் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படித்தார். 1951-ல் கணிதத்தில் முதுகலைப் பட்டமும் வாங்கினார்.

முதல் வேலை, செயின்ட் பால் நகரில் இருந்த இன்ஜினியரிங் ரிசர்ச் அசோசியேட்ஸ் கம்பெனியில். அமெரிக்கக் கடற்படைக்காகக் குறியீடு உடைக்கும் இயந்திரங்கள் செய்த இடம் அது. டிஜிட்டல் கம்ப்யூட்டர் என்றாலே என்னவென்று பெரும்பாலானவர்களுக்குத் தெரியாத காலம். சில வருஷத்திலேயே அந்தத் துறையின் விற்பன்னர் ஆகிவிட்டார் க்ரே.

1957-ல் அங்கிருந்த சிலர் வெளியே வந்து, வில்லியம் நாரிஸ் தலைமையில் கன்ட்ரோல் டேட்டா கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். சுருக்கமாக சிடிசி. கொஞ்ச நாளில் க்ரேயும் அங்கே போய்ச் சேர்ந்தார். வெற்றிடக் குழாய்களுக்குப் பதில் டிரான்சிஸ்டரை வைத்து அவர் வடிவமைத்த சிடிசி 1604 நல்ல பெயர் வாங்கியது. ஆனால் அவர் மனசில் இருந்தது அதைவிடப் பெரிசு. உலகத்திலேயே வேகமான கம்ப்யூட்டரைச் செய்துவிட வேண்டும் என்பதுதான்.

மீட்டிங், மேனேஜர், ரிப்போர்ட் எல்லாம் அவருக்கு ஆகாது. நிம்மதியாக வேலை செய்ய இடம் வேண்டும் என்று கேட்டு, சொந்த ஊரான சிப்பேவா ஃபால்ஸுக்கே போய்விட்டார். கம்பெனி அங்கேயே, அவர் வீட்டுக்குப் பக்கத்தில் லேப் கட்டிக் கொடுத்தது.

34 பேர் செய்த அதிசயம்

1964-ல் வெளிவந்தது சிடிசி 6600. கிளாக் வேகம் 10 மெகாஹெர்ட்ஸ். இன்றைய செல்போனோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும். ஆனால் அன்றைக்கு உலகின் நம்பர் ஒன் வேகம் அதுதான். சூப்பர் கம்ப்யூட்டர் என்ற சொல் புழக்கத்துக்கு வரக் காரணமான முதல் இயந்திரம் என்று இதைச் சொல்வார்கள்.

இந்த வேகத்துக்காக க்ரே செய்தது இரண்டு விஷயம். ஒன்று, அப்போது புதிதாக வந்திருந்த வேகமான சிலிக்கான் டிரான்சிஸ்டர்களைப் பயன்படுத்தினார். இரண்டு, பாகங்களை மிக நெருக்கமாக அடுக்கினார்.

ஏன் நெருக்கமாக? மின்சிக்னலுக்கும் வேக வரம்பு இருக்கு. ஒரு நானோ செகண்டில், அதாவது நொடியில் 100 கோடியில் ஒரு பங்கு நேரத்தில், ஒளியே சுமார் 30 சென்டிமீட்டர்தான் போகும். கம்பிக்குள் ஓடும் சிக்னல் அதைவிடக் குறைவாகத்தான் போகும். கம்பி நீளமாக இருந்தால், அடுத்த துடிப்பு வருவதற்குள் சிக்னல் போய்ச் சேராது. அதனால் வேகம் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் நெருக்கி வைத்தே ஆகணும்.

நெருக்கி வைத்தால் என்ன ஆகும்? சூடு தேங்கும். ஃபேன் காற்று உள்ளே புகவே இடம் இருக்காது. டீன் ரவுஷ் என்ற குளிர்பதன இன்ஜினியர் இதற்கு வழி கண்டுபிடித்தார். ஃப்ரிட்ஜில் ஓடுவது போல ஃப்ரியான் திரவத்தைக் குழாய்களில் ஓடவிட்டு, அதில் குளிரூட்டப்பட்ட உலோகத் தகடுகளை சர்க்யூட்டுகளுக்குப் பக்கத்தில் பொருத்தினார். இன்று கேமிங் பிசிக்குப் போடும் லிக்விட் கூலிங்கின் அண்ணன் என்றே இதைச் சொல்லலாம்.

போட்டிக் கம்பெனியான ஐபிஎம் ஆடிப்போனது. துப்புரவுப் பணியாளரையும் சேர்த்து வெறும் 34 பேர் கொண்ட ஒரு குழுவிடம் நாம் எப்படித் தோற்றோம் என்று கேட்டு, அதன் தலைவர் தாமஸ் வாட்சன் ஜூனியர் தன் அதிகாரிகளுக்கு எழுதிய குறிப்பு கம்ப்யூட்டர் வரலாற்றில் ரொம்பப் பிரபலம்.

அடுத்து 1969-ல் வந்த சிடிசி 7600, கிளாக் வேகத்தை சுமார் 36 மெகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோனது.

முதல் அடி: வேலை செய்ய மறுத்த 8600

அடுத்த இலக்கு 8600. துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே 8 நானோ செகண்ட்தான். அதாவது 125 மெகாஹெர்ட்ஸ். ஒரே பெட்டிக்குள் நாலு ப்ராசஸர். பாகங்கள் முன்பைவிட நெருக்கம்.

இங்கேதான் கணக்கு உதைத்தது. அவ்வளவு சின்ன இடத்திலிருந்து அவ்வளவு சூட்டை வெளியே எடுக்க முடியவில்லை. ஆயிரக்கணக்கான பாகங்களும் இணைப்புகளும் இருக்கும்போது, அதில் ஒன்று தவறினாலும் இயந்திரம் நின்றுவிடும். எத்தனை முறை சரி செய்தாலும் 8600 நம்பகமாக ஓடவே இல்லை.

வடிவமைப்பை முதலிலிருந்து தொடங்கணும் என்றார் க்ரே. அதற்குக் கம்பெனியிடம் பணம் இல்லை. வேறு ஒரு பெரிய புராஜெக்ட்டும் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. 1972-ல் க்ரே வெளியேறினார். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. அவர் தொடங்கிய புதிய கம்பெனியில் சிடிசியே முதலீடு செய்தது என்பதுதான் ஆச்சரியம். அந்தக் கம்பெனியின் பெயர் க்ரே ரிசர்ச்.

8600-ல் வாங்கிய அடியை அவர் மறக்கவில்லை. புது இயந்திரத்தில் நாலு ப்ராசஸர் கிடையாது. ஒன்றே ஒன்றுதான், ஆனால் உருப்படியாக ஓடணும் என்று முடிவு செய்தார்.

சோபா மாதிரி ஒரு சூப்பர் கம்ப்யூட்டர்

1976-ல் லாஸ் அலமாஸ் தேசிய ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது க்ரே-1. படத்தில் பார்த்தாலே அடையாளம் தெரிந்துவிடும். ஆங்கில 'சி' எழுத்து வடிவில் வளைந்து நிற்கும் தூண்கள். கீழே சுற்றிலும் உட்கார மெத்தை போட்ட பெஞ்ச்.

பார்க்க ஸ்டைலாக இருக்கட்டும் என்று மட்டும் செய்தது இல்லை அது. வளைத்து வைத்தால் உள்பக்கம் ஒன்றுக்கொன்று நெருங்கி வரும். கம்பிகளின் நீளம் குறையும். எந்தக் கம்பியும் 4 அடிக்கு மேல் போகவில்லை. அதனால்தான் 80 மெகாஹெர்ட்ஸ் சாத்தியமானது. அந்த பெஞ்சுக்குள் இருந்தவை மின்சப்ளை பாகங்கள்.

சரி, சூடு? க்ரே-1 இழுத்த மின்சாரம் சுமார் 115 கிலோவாட். நம்ம வீட்டு ஒன்றரை டன் ஏசி ஒன்று சுமார் ஒன்றரை கிலோவாட் எடுக்கும் என்று வைத்துக்கொண்டால், 75 ஏசியை ஒன்றாக ஓடவிட்ட கணக்கு. அத்தனையும் அந்த ஒரு தூணுக்குள் வெப்பமாக மாறியது. மறுபடியும் ஃப்ரியான் குழாய்கள்தான் கைகொடுத்தன.

ஆனால் சும்மா நடந்துவிடவில்லை. கம்ப்ரஸருக்காக ஃப்ரியானோடு எண்ணெயும் கலந்து ஓடும். அந்த எண்ணெய் குழாய் இணைப்புகள் வழியாகக் கசிந்து, போர்டுகளின் மேல் படிந்து, ஷார்ட் ஆனது. குழாய்களைப் பற்றவைக்கும் முறையையே மாற்ற வேண்டி வந்தது. முதல் இயந்திரம் சுமார் 6 மாதம் தாமதமாக இதுதான் காரணம். உலகின் வேகமான கணக்குப் புலியை ஆறு மாதம் கட்டிப்போட்டது ஒரு குழாய்க் கசிவு!

இன்னொரு பாடமும் கிடைத்தது. முதல் க்ரே-1-ல் நினைவகப் பிழைகளைத் தானே திருத்திக்கொள்ளும் வசதி இல்லை. அடுத்தடுத்த இயந்திரங்களில் அது சேர்க்கப்பட்டது. வேகமாகத் தப்பான விடை சொல்லும் கம்ப்யூட்டரால் யாருக்கும் பயனில்லை என்பது அனுபவத்தில் தெரிந்தது.

ஒரு சில இயந்திரங்கள் விற்றாலே பெரிய விஷயம் என்ற நிலையில் தொடங்கி, 80-க்கும் மேல் விற்றது க்ரே-1. வானிலைக் கணிப்பு, அணு ஆய்வு, விமான வடிவமைப்பு என்று எல்லா இடத்திலும் க்ரே என்ற பெயர்தான்.

திரவத்தில் மூழ்கிய கம்ப்யூட்டர்

1985-ல் வந்த க்ரே-2 இன்னும் ஒரு படி மேலே போனது. 4.1 நானோ செகண்ட், அதாவது சுமார் 244 மெகாஹெர்ட்ஸ். போர்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, குழாய் போகக்கூட இடைவெளி இல்லாத நிலை.

குழாயை உள்ளே விட முடியாவிட்டால், மொத்த கம்ப்யூட்டரையும் திரவத்துக்குள் இறக்கிவிட்டால் என்ன? கேட்க விபரீதமாக இருந்தாலும் க்ரே அதைத்தான் செய்தார். பயன்படுத்தியது தண்ணீர் இல்லை. 3எம் நிறுவனத்தின் ஃப்ளோரினெர்ட் என்ற, மின்சாரத்தைக் கடத்தாத திரவம். சூடான திரவம் பக்கத்தில் இருந்த கண்ணாடித் தொட்டிகளில் அருவி போல விழுந்து ஆறியது. மீன் தொட்டி மாதிரி குமிழிகள் தெரிந்ததால் க்ரே-2-க்கு 'பபிள்ஸ்' என்று செல்லப்பெயரே வந்துவிட்டது.

இன்று ஏஐ டேட்டா சென்டர்களில் சர்வர்களைத் திரவத்தில் மூழ்கடித்துக் குளிர்விக்கும் முறை பேசப்படுகிறதே, அதே யோசனைதான்.

கம்பெனியையே விழுங்கிய க்ரே-3

அடுத்து க்ரே எடுத்தது பெரிய ரிஸ்க். சிலிக்கானை விட்டுவிட்டு, அதைவிட வேகமான காலியம் ஆர்செனைடில் சிப் செய்ய முடிவு செய்தார். உற்பத்தி செய்வது கஷ்டம், விலையும் அதிகம். இதற்காக 1989-ல் க்ரே ரிசர்ச்சிலிருந்து பிரிந்து, கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் க்ரே கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன் என்ற தனி நிறுவனம் உருவானது.

வேலை இழுத்துக்கொண்டே போனது. க்ரே-3-க்கு ஆர்டர் கொடுத்திருந்த லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடம் 1991-ல் அதை ரத்து செய்தது. 1993-ல் ஒரே ஒரு க்ரே-3 மட்டும் கொலராடோவில் உள்ள வளிமண்டல ஆய்வு மையத்துக்குப் போனது. கிளாக் வேகம் 474 மெகாஹெர்ட்ஸ். 29 வருஷத்தில் 10-லிருந்து 474!

ஆனால் உலகம் அதற்குள் மாறியிருந்தது. பனிப்போர் முடிந்து, அரசு செலவு குறைந்தது. ஆயிரக்கணக்கான மலிவு சிப்புகளை ஒன்றாகக் கட்டி வேலை வாங்கும் முறை வந்துவிட்டது. ஒற்றை ப்ராசஸரின் வேகத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போகும் பாதைக்கு வாடிக்கையாளர் இல்லை. 1995 மார்ச்சில் கம்பெனி திவாலானது.

69 வயது. வேறு யாராக இருந்தாலும் ஓய்வெடுத்திருப்பார்கள். க்ரே 1996-ல் எஸ்ஆர்சி கம்ப்யூட்டர்ஸ் என்று புதிதாக ஒன்றைத் தொடங்கினார். இந்த முறை, அதுவரை ஒதுக்கிவந்த, ஏராளமான ப்ராசஸர்களை ஒன்றாகக் கட்டி வேலை வாங்கும் பாதையில்.

அந்தக் கம்ப்யூட்டரைப் பார்க்க அவர் இல்லை. 1996 செப்டம்பர் 22 அன்று கொலராடோ ஸ்பிரிங்ஸில் நெடுஞ்சாலை விபத்தில் படுகாயமடைந்தார். அக்டோபர் 5 அன்று இறந்துபோனார். வயது 71.

இந்தியாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

1980களின் கடைசியில், வானிலைக் கணிப்புக்காக க்ரே ரிசர்ச்சின் எக்ஸ்-எம்பி ரக சூப்பர் கம்ப்யூட்டரை இந்தியா வாங்கியது. சீமோர் க்ரே இல்லாமல், அவர் கம்பெனியின் வேறொரு குழு வடிவமைத்தது அது. இந்தியா கேட்ட அளவு சக்தி வாய்ந்த மாடலைத் தர அமெரிக்கா ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் காலகட்டத்தில் 1988-ல் உருவானதுதான் சி-டாக். 1991-ல் இந்தியாவின் பரம் 8000 வந்தது. அது கட்டப்பட்ட முறை? நிறைய சிப்புகளை ஒன்றாகக் கட்டி வேலை வாங்கும் அதே முறைதான்.

நம்ம பிசிக்கு இதில் என்ன பாடம்?

க்ரே செய்தது ஓவர்கிளாக்கிங் இல்லை. அவர் இயந்திரத்தையே வேகமாக வடிவமைத்தார். ஆனால் இயற்பியல் ஒன்றுதான். அவர் கோடிக்கணக்கில் செலவழித்துக் கற்றதை நாம் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

1. குளிர்ச்சி முதலில், வேகம் அப்புறம்: எதையும் மாற்றுவதற்கு முன் எச்டபிள்யூஇன்ஃபோ, கோர் டெம்ப் போன்ற மென்பொருளில் இப்போதைய சூட்டைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது எவ்வளவு, முழு லோடில் எவ்வளவு என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இப்பவே எகிறுகிறது என்றால் தூசி தட்டுங்கள், தெர்மல் பேஸ்ட் மாற்றுங்கள், கூலரைக் கவனியுங்கள். ஓவர்கிளாக் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

2. உங்க ப்ராசஸரின் வரம்பைத் தெரிந்துகொள்ளுங்கள்: பல இன்டெல் ப்ராசஸர்களுக்கு உச்சவரம்பு 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95. அதைத் தொட்டால் ப்ராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படி நடந்தால் ஓவர்கிளாக் செய்த பலனே போச்சு. முழு லோடில் 80 முதல் 85-க்குள் வைத்திருந்தால் நிம்மதி.

3. ஒரு நேரத்தில் ஒரு படி: பயாஸில் மல்டிப்ளையரை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படிக்கும் 10, 15 நிமிடம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓட்டி, சூட்டைப் பாருங்கள். எல்லா ப்ராசஸரிலும் இது முடியாது. இன்டெலில் 'கே' என்று முடியும் மாடல்கள், ஏஎம்டியில் பெரும்பாலான டெஸ்க்டாப் ரைசன்கள் அனுமதிக்கும். லேப்டாப்பில் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

4. வோல்டேஜில் கவனம்: மேலே சொன்ன வர்க்கக் கணக்கை மறந்துடாதீங்க. ஏற்றியே ஆகணும் என்றால் 0.01, 0.02 வோல்ட் அளவில்தான். அதிக வோல்டேஜ் சிப்பை நிரந்தரமாகப் பாதிக்கும். 2024-ல் இன்டெலின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் சிலவற்றில், யாரும் ஓவர்கிளாக் செய்யாமலேயே தேவைக்கு மீறிய வோல்டேஜ் போய் பழுதானது தெரியவந்தது. நிறுவனம் அதற்கு அப்டேட் கொடுத்து வாரண்டியையும் நீட்டித்தது. பயாஸை அப்டேட்டாக வைத்திருப்பது அவசியம்.

5. ஓடினால் மட்டும் போதாது, சரியாக ஓடணும்: கேம் திறந்துவிட்டது என்பதற்காக ஓகே என்று நினைக்காதீர்கள். கடைசியில் சில மணி நேரம் தொடர்ச்சியாக டெஸ்ட் ஓட்டுங்கள். எரர் வந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள். முக்கியமான ஃபைல்களை முன்கூட்டியே பேக்கப் எடுத்துவிடுங்கள்.

6. வெயிலையும் கணக்கில் சேருங்கள்: அறை வெப்பம் 10 டிகிரி கூடினால், ப்ராசஸர் சூடும் கிட்டத்தட்ட அதே அளவு கூடும். டிசம்பரில் 80-ல் நின்றது, மே மாதத்தில் 90-ஐத் தொடலாம். கோடையில் ஒருமுறை மறுபடி டெஸ்ட் பண்ணிடுங்க.

ஓவர்கிளாக் செய்ததால் வரும் பழுதுக்கு வழக்கமான வாரண்டி பொதுவாகக் கிடைக்காது என்பதையும் மனதில் வையுங்கள்.

திரவ ஹீலியத்தை ஊற்றி, 9 ஜிகாஹெர்ட்ஸையே தாண்டிக் காட்டியவர்கள் இன்று இருக்கிறார்கள். ஆனால் அந்த வேகம் சில நொடி சாதனைக்குத்தான். நாள் முழுக்க வேலை செய்யும் கம்ப்யூட்டருக்கு, வெளியேற்ற முடிந்த சூடு எவ்வளவோ அவ்வளவுதான் வேகம். 8600-ல் இந்த எல்லையை மீறிப்போய் தோற்ற சீமோர் க்ரே, க்ரே-1-ல் அதற்குள் நின்று ஜெயித்தார். இரண்டுக்கும் நடுவே இருந்தது நாலே வருஷம்தான்.